வீடு, கனவு, பழைய சாமான்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மதுரையில் இருந்துகொண்டு மிக்ஸட் மீடியாவில் வேலை செய்கிறவள். இடித்த வீடு, விற்ற வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு இவற்றில் மிஞ்சுகிற காரை, துணி, கணக்கு நோட்டு, போட்டோ, கதவுத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் என் படைப்புகள். பார்க்க வருகிறவர்களும் போனில் பேசுகிறவர்களும் பெரும்பாலும் கேட்பது இதே கேள்விகளைத்தான். நேரில் பேசும்போது பதில் பாதியில் நின்றுபோகிறது, அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

மிக்ஸட் மீடியா என்றால் என்ன?

ஒரே படைப்பில் பல பொருள்களைச் சேர்ப்பது, அவ்வளவுதான். வண்ணத்தோடு துணி, காகிதம், மரம், கம்பி, மண் எது வேண்டுமானாலும் வரலாம். பிக்காசோ 1912-ல் பிரம்புப் பின்னல் அச்சடித்த ஒரு ஆயில் துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிற்றை வைத்தார், கலை வரலாறு சொல்கிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்து ஆரம்பிப்பார்கள். ஆனால் நமக்கு இது புதுசு ஒன்றும் கிடையாது. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகை மேல் துணி ஒட்டி, கலவையால் மேடு கட்டி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கல்லும் பதிக்கிறார்கள். ஊர் எல்லையில் அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள், சுடுமண் குதிரை, சுதைச் சிலை, இரும்பு அரிவாள், மணி, துண்டு எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு கேன்வாஸில் ஒரு தாழ்ப்பாள் இருப்பது விநோதமாகவே தெரியாது.

வீட்டை அழகாக வரைந்துவிடலாமே, எதற்கு இந்தப் பழைய சாமான்கள்?

இதைக் கேட்காதவர்களே இல்லை.

சோழவந்தான் பக்கம் எங்கள் அப்பத்தா வீடு இருந்தது, ஓட்டு வீடு, பாகப்பிரிவினை ஆனபிறகு விற்று இடித்துவிட்டார்கள். அந்த வீட்டை நினைத்தால் எனக்கு அதன் முகப்பு கடைசியில்தான் ஞாபகம் வருகிறது. முதலில் வருவது நிலைப்படியில் குனிகிற குனிவு, மத்தியானம் முற்றத்துக் கல் காலைச் சுடுவது, பரணில் இருந்து இறக்கும் வெண்கலப் பானையின் கனம், வெற்றிலைக் கட்டை நனைத்துப் போட்டிருக்கும் சாக்கின் வாடை. வீட்டை நாம் நின்று பார்த்ததைவிடப் புழங்கியதுதான் அதிகம். கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் தெரிந்த ஒன்றை கண்ணுக்கு மட்டும் வரைந்து காட்டினால் அது யாருடைய வீடாகவும் இருக்கும், காலண்டர் படம் மாதிரி ஆகிவிடும்.

ஒரு காரைத் துண்டை மட்டும் சொல்கிறேன். பழைய வீட்டுச் சுவரில் இருந்து பெயர்ந்து விழுகிற, உள்ளங்கை அளவுத் துண்டு. அதன் முகத்தைப் பார்த்தால் வெறும் வெள்ளை. பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால், ஓரம் முழுக்கக் கோடு கோடாக இருக்கும்: வெள்ளை, நீலம் கூடிப்போன வெள்ளை, மறுபடி வெள்ளை, நடுவில் ஒரு கிளிப்பச்சை, அதுக்குக் கீழே மங்கிய காவி. ஒரு பொங்கலுக்கு ஒரு பூச்சு. அந்தப் பச்சை வந்த வருசம் வீட்டில் கல்யாணம் நடந்திருக்கும், இரண்டு பூச்சுக்கு நடுவில் கரி படிந்த கோடு இருந்தால் அந்தச் சில வருசம் வெள்ளையே அடிக்கவில்லை, கையில் காசு இல்லை. இந்தத் துண்டை நான் எப்படி வரைவது? அதையே வைத்துவிடுவதுதான் நேர்மை. என் படைப்புகளில் காரைத் துண்டுகள் எப்போதும் ஓரம் தெரிகிற மாதிரி நிற்க வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவு சாமானும் எங்கே கிடைக்கிறது?

பாதி, வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுக் கொடுப்பது. மீதி, பழைய மரச்சாமான் கடைகள், பழைய பேப்பர்க் கடைகள், சிம்மக்கல் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள். துணிக்குப் பத்துத்தூண் சந்து. மண் வேண்டுமென்றால் விளாச்சேரி போவேன், கொலு பொம்மை செய்கிற ஊர், அங்கே கண்மாய் மண்ணைப் பதப்படுத்துகிற விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு படிப்பு. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாகவே இருக்கின்றன, ஆனால் அங்கே அழகான பொருள்களுக்கு மதிப்பு அதிகம், எனக்கு வேண்டியது பெரும்பாலும் அவர்கள் ஒதுக்கிப் போடுவதுதான். பிடி போன கதவு, பாதி உடைந்த ஆத்தங்குடிக் கல், எழுத்து அழிந்த ட்ரங்குப் பெட்டி மூடி.

சுங்குடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாகச் செய்துவரும் வேலை. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி அவிழ்த்தால் முடிச்சுப் போட்ட இடம் மட்டும் புள்ளியாக நிற்கும். இப்போது கடையில் கிடைப்பதில் நிறைய அச்சுச் சுங்குடி. கையால் முடிச்சுப் போட்டதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, தொட்டால் துணி இன்னும் கொஞ்சம் சுருங்கியே இருக்கும். தூளி கட்டிக் கட்டி நைந்துபோன சுங்குடிச் சேலை யாராவது கொடுத்தால் நான் அதை வெட்டுவதே இல்லை, அப்படியே மடித்த மடிப்போடு பயன்படுத்துகிறேன்.

மொய் நோட்டுகளை வைத்துச் செய்திருக்கிறீர்களே, அதில் பிறர் பெயர் இருக்குமே, சரியா?

சரியான கேள்வி. எங்கள் பக்கத்தில் மொய் நோட்டு என்பது குடும்பத்தின் கடன் பத்திரம் மாதிரிதான். நீள நோட்டு, மூலையில் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, அப்புறம் ஊர், பெயர், தொகை. 11, 51, 101. திருப்பிச் செய்த மொய்க்கு ஓரத்தில் டிக் அடித்திருப்பார்கள். டிக் இல்லாத வரிகள் இன்னும் பாக்கி. அதனால் நோட்டு கொடுக்கிற குடும்பத்திடம் முதலில் நான் கேட்பது, இன்னும் இதைப் பார்த்து மொய் செய்கிறீர்களா என்பதுதான். ஆமாம் என்றால் வாங்க மாட்டேன், ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக்கொள்வேன்.

பெயர்களைக் காட்சிக்கு வைக்க மாட்டேன். மெல்லிய காகிதம் ஒட்டி மறைத்து, ஊரையும் தொகையையும் மட்டும் விடுகிறேன். ஊர்ப் பெயர்களே போதும்: தென்கரை, முள்ளிப்பள்ளம், மேலக்கால், வாடிப்பட்டி, குருவித்துறை. ஒரு நோட்டில் இருக்கிற ஊர்களை எல்லாம் ஒரு பழைய வேட்டியில் அதனதன் திசையில் குறித்து, நூலால் நடுவில் இருக்கிற வீட்டோடு தைத்தேன். யார் வீட்டில் எவ்வளவு பேர் வந்தார்கள், எந்தத் திசையில் பெண் கொடுத்தார்கள், எந்தப் பக்கத்தோடு பேச்சுவார்த்தை இல்லை எல்லாம் தையலிலேயே தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, தெற்கே நூலே போகாத இடத்தைத் தொட்டு, "அது தண்ணித் தகராறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனவுகளை எப்படிப் படைப்பாக மாற்றுகிறீர்கள்?

எழுந்தவுடன், யாரிடமும் பேசுவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். பேசிவிட்டால் கனவு கதையாகிவிடும், நாமே அதில் ஒழுங்கு ஏற்றிவிடுவோம். நான் நாள்காட்டியில் அன்றன்றைக்குக் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கம் தேதி, நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் கனவு. வரைய வருவது இரண்டு கோடுதான் என்றால் இரண்டு கோடு.

வீட்டுக் கனவுகளில் அளவு எப்போதும் மாறியிருக்கும், கிணறு கூடத்துக்குள் இருக்கும், மாடிப்படி ஏறினால் சமையல்கட்டு வரும். என்னிடம் கனவு சொன்னவர்களில் எத்தனையோ பேர் ஒரே மாதிரி சொன்ன ஒன்று உண்டு: நன்றாகத் தெரிந்த வீட்டில் இதுவரை பார்க்காத ஓர் அறை, கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. அதற்காகத்தான் பெட்டிப் படைப்புகள். மரப்பெட்டிக்குள் கண்ணாடித் தகடுகளை இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் வைக்கிறேன். நேரே நின்றால் ஒரு வீடு தெரியும். கொஞ்சம் நகர்ந்தால் அறைகள் விலகி நடுவில் இன்னொரு அறை தெரியும்.

பலன் சொல்லச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் இருக்கிறது, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். என் அக்கறை எல்லாம் கனவில் எந்தப் பொருள் வந்தது என்பதில்தான். மதுரைக்காரர்களுக்கு இதற்கு ஒரு பெரிய முன்மாதிரியே இருக்கிறது. கண்ணகி கதையில் அன்றைக்குப் பாண்டிமாதேவி கண்ட கனவை நினைத்துப் பாருங்கள், செங்கோலும் வெண்குடையும் கீழே விழுகின்றன, வாசல் மணி நடுங்கி ஒலிக்கிறது, இரவில் வானவில் தோன்றுகிறது, பகலில் நட்சத்திரம் விழுகிறது. அவ்வளவு பெரிய அழிவு வரப்போகிறது, கனவில் வந்ததோ கைக்கோலும் குடையும் வாசல் மணியும். அந்த மணியை வைத்து ஒரு வரிசையே செய்துகொண்டிருக்கிறேன். இடித்த வீடுகளில் இருந்து எடுத்த காலிங் பெல் ஸ்விட்சுகள், கதவு மணிகள், நாதாங்கிகள்.

ஞாபகம் தப்பாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அண்ணன் தம்பி வேறு மாதிரி சொல்வார்களே?

சொல்லட்டும், அதுதான் எனக்கு வேண்டும். அப்பத்தா வீட்டின் தரைப்படத்தை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு டிரேசிங் தாளில் தனித்தனியாக வரையச் சொன்னேன், ஒருத்தர் வரைவதை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு சுவர்கூட ஒன்றாக விழவில்லை. சித்தப்பா வரைந்ததில் கிணறு கிழக்கே, அப்பா வரைந்ததில் வடக்கே. அக்கா வரைந்ததில் சமையல்கட்டு கூடத்தை விடப் பெரிசு, கல்யாணம் ஆகிப் போகிற வரை அவள்தான் அங்கே அதிகம் நின்றவள். அம்மா வரைந்ததில் திண்ணையே இல்லை. ஏன் என்று கேட்டேன். மருமகளாக வந்த வீட்டில் திண்ணையில் உட்கார்ந்ததே இல்லை, அதனால் வரைய வரவில்லை என்றார்.

வீடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க கிரயப் பத்திரம் இருக்கிறது, நான்கு எல்லையும் அதில் தெளிவாக எழுதியிருக்கும். அம்மாவுக்குத் திண்ணை இல்லாத வீட்டில் வாழ்ந்தது பத்திரத்தில் வராது. அந்தத் தாள்களைத் திருத்தாமல் அப்படியே மல் துணியில் மாற்றி, அடுக்கடுக்காகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இந்த யோசனைக்கு நான் கடன்பட்டது ஜரினாவுக்கு. 1937-ல் அலிகரில் பிறந்து, உலகம் முழுக்க அலைந்து, 2020-ல் லண்டனில் இறந்துபோன கலைஞர். பிறந்த வீட்டின் தரைப்படத்தைத் திரும்பத் திரும்பத் தன் அச்சுகளில் கொண்டுவந்தார். வீட்டைப் பற்றியே 1999-ல் 36 மரச்செதுக்கு அச்சுகள் கொண்ட ஒரு தொகுப்பு செய்தார், ஒவ்வொன்றின் கீழும் உருது எழுத்தில் ஒரு சொல். கறுப்புக் கோடுகள், கொஞ்சம் உருது, வேறொன்றும் இல்லாமல் வாசல், முற்றம், வெயில் எல்லாம் வந்துவிடும்.

வேறு யாரையெல்லாம் பார்க்க வேண்டும்?

பெட்டிகளுக்கு ஜோசப் கார்னெல், கிடைத்த பொருள்களைக் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் அடுக்கிய அமெரிக்கக் கலைஞர். இன்னொரு அமெரிக்கர் ராபர்ட் ராஷன்பெர்க், 1955-ல் தலையணையும் போர்வையும் வைத்து வண்ணம் ஊற்றிச் செய்த படுக்கை. கண் பார்வை போன பிறகும் காகிதம் வெட்டி ஒட்டி வேலை செய்த சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜி, இவரைக் கட்டாயம் பாருங்கள், விரலால் எவ்வளவு யோசிக்க முடியும் என்று தெரியும். அப்புறம் கீழடி அருங்காட்சியகம்.

கீழடியா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. 2023-ல் திறந்த அருங்காட்சியகம், மதுரையில் இருந்து பக்கம்தான். அங்கே தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், பெயர் கீறிய பானை ஓடுகள் இருக்கின்றன, குவிரன், ஆதன் என்று. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் தன் பானை தன்னுடையது என்று பெயர் கீறியிருக்கிறார். நம் வீட்டு எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள், பாத்திரக்கடையில் பேர் வெட்டிக் கொடுத்தது இருக்கும், சீர் கொடுத்தவர் பெயர், தேதி, சில சமயம் ஊர். குடும்பத்தில் எந்தக் காகிதத்திலும் இல்லாத பெண்களின் பெயர்கள் பாத்திரத்தில் இருக்கின்றன. அவற்றின் மேல் மெல்லிய காகிதம் வைத்து கிரயானால் தேய்த்துப் படி எடுக்கிறேன், சின்ன வயதில் காசு மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான்.

போட்டோவைத் துணியிலும் பலகையிலும் எப்படிப் பதிய வைக்கிறீர்கள்?

அசலைத் தொடவே மாட்டேன், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்து, இடவலம் மாற்றி, லேசர் பிரிண்ட் அல்லது ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் வேண்டாம், தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும். பலகையில் அக்ரிலிக் ஜெல் மீடியத்தைச் சீராகத் தடவி, பிரிண்ட்டை முகம் கீழே இருக்கும்படி வைத்து, நடுவில் இருந்து ஓரத்துக்குக் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். ஒரு ராத்திரி காய வேண்டும். மறுநாள் ஈர ஸ்பாஞ்சால் நனைத்து விரல் நுனியால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரிதிரியாக உருண்டு வரும், மை மட்டும் ஜெல்லோடு தங்கிவிடும். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தால் இன்னும் காகிதம் இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி நனைத்துத் தேய்க்கலாம். அவசரப்பட்டால் முகமே உரிந்துவிடும். சில சமயம் நான் வேண்டுமென்றே கொஞ்சம் உரிய விடுகிறேன், எந்த இடத்தில் உரிய வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்தின் கதை கேட்டபிறகுதான் முடிவு செய்வேன்.

மதுரை வெயிலுக்கும் பூச்சிக்கும் இதெல்லாம் எத்தனை நாள் தாங்கும்?

வெயிலைவிட ஐப்பசி கார்த்திகை ஈரம்தான் மோசம். மைதா பசைக்குக் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் வரும், பைண்டிங் செய்கிறவர்கள் அதனால்தான் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். விஷம், குழந்தைகள் இருக்கிற வீட்டில் வேண்டாம். செய்தித்தாள் எப்படியும் பழுக்கும், அதைத் தடுக்க நினைக்காமல் பழுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நிறம் தேர்ந்தெடுக்கிறேன். நேர் வெயில் படாத சுவரில், சுவரை ஒட்டாமல் பின்னால் காற்று போகிற மாதிரி மாட்டினால் போதும்.

இதற்கு ஓவியக் கல்லூரியில் படிக்க வேண்டுமா?

படித்தால் நல்லது, சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. படிக்காவிட்டாலும் ஆரம்பிக்கலாம்.

எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கப் போகிறோம். என்ன எடுத்து வைக்கலாம்?

இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். பொதுவாக எல்லாரும் நிலைக்கதவு, ஊஞ்சல், பித்தளைப் பாத்திரம் மூன்றையும் எடுப்பார்கள், மற்றதெல்லாம் லாரியில் போய்விடும். விலை போகிற பொருளை நீங்கள் விட்டாலும் வேறு யாராவது காப்பாற்றுவார்கள். விலை போகாததைக் காப்பாற்ற உங்களை விட்டால் ஆள் இல்லை.

சாமான் இறக்குவதற்கு முன்னால் வீட்டில் வாழ்ந்தவர்களை, முக்கியமாகப் பெண்களை, ஒரு நாள் கூட்டி வாருங்கள். ஒவ்வொருவரையும் அவர் படுத்த இடத்தில் படுக்கச் சொல்லி மேலே என்ன தெரிகிறது என்று போட்டோ எடுங்கள், வாசலில் நின்று எடுக்கிற படத்தைவிட அந்தக் கூரைப் படம்தான் பின்னால் பேச வைக்கும். கதவு திறக்கிற சத்தம், தாழ்ப்பாள் சத்தம், கிணற்று ராட்டினச் சத்தம் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் உயரம் குறித்த கதவோரம் இருந்தால் அந்தச் சட்டத்தை அறுத்து எடுங்கள். மாடக்குழியில் விளக்குக் கரி இருக்கும், ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றி எடுத்து மடித்து வையுங்கள்.

சுவர்ப் பூச்சு வேண்டுமென்றால், மெல்லிய மல் துணியைக் கஞ்சிப் பசையால் சுவரில் ஒட்டி நன்றாகக் காயவிட்டு, ஓரத்தில் கொத்தனார் கரண்டியைச் செருகி மெதுவாகப் பெயர்த்தால் பூச்சு துணியோடு வந்துவிடும். பழைய கோயில் சுவரோவியங்களைப் பெயர்த்துக் காக்கிறவர்களும் அடிப்படையில் முதலில் துணி ஒட்டித்தான் எடுக்கிறார்கள். ஒரு தட்டு அளவு எடுத்தால் போதும்.

போட்டோக்களில் கறுப்பு வெள்ளையைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம், நன்றாகக் கழுவிப் போட்டதாக இருந்தால் அது நிற்கும். எழுபது எண்பதுகளில் எடுத்த கலர் போட்டோக்கள்தான் நீலம் போய்ச் சிவப்பாகிக்கொண்டே வருகின்றன, அவற்றை இந்த வாரமே ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும், ஸ்டுடியோ முத்திரையும் யாரோ பென்சிலில் எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் கவரில் அடைக்காதீர்கள், பழைய காட்டன் வேட்டியில் சுற்றி வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: என்ன பொருள், எந்த அறை, யார் பயன்படுத்தியது. சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஊறிவிடும்.

எங்கள் வீட்டுப் பொருள்களை வைத்து ஒரு படைப்பு செய்து தருவீர்களா?

தருவேன். ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களுக்குச் செய்வதில்லை, குடும்பத்தில் குறைந்தது இரண்டு தலைமுறை ஆட்கள் என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும். விலை அளவைப் பொறுத்தது, பேசிக்கொள்ளலாம். பயன்படுத்தாமல் மிஞ்சுகிற பொருள் எல்லாம் சீட்டோடு திரும்பி வரும். மழைக்காலத்தில் ஆரம்பிக்க மாட்டேன், பசை காயாது, தை பிறந்ததும் வாருங்கள்.